அண்ணி முதலாளியான கதை

வண்டியை எடுக்கும் முன்னால் அண்ணி சீட்டின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். தூசு தட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மழையில் ஊறிய சீட்டையும் அப்படித்தான் தட்டினார், தண்ணீர் அவர் முகத்திலேயே தெறித்தது. என் தையல் மிஷின் ஜன்னலோரம் கிடப்பதால் பல வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். வீட்டில் வாக்குவாதம் நடந்த காலையில் தட்டு பலமாக விழும். கீழ்வீட்டுக்காரம்மா அந்தச் சத்தத்தை வைத்தே, "என்ன, இன்னிக்கு மேல சண்டையா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

"வண்டிக்கு விழற தட்டுல ஒண்ணாவது என் முதுகுல விழுந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்பான் அண்ணன்.

"விழட்டும். ஆஸ்பத்திரிக்குத்தான் போவீங்க."

அந்த வண்டி அண்ணியின் சொந்தச் சம்பாத்தியத்தில் வந்தது. அதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் கட்டும் வேலையில் இருந்தார். அங்கே மணியடித்தால் உட்கார வேண்டும், மணியடித்தால் எழுந்திருக்க வேண்டும், பாத்ரூம் போகக்கூட மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனியை மூடியபோது எல்லோரும் அழுதார்கள், அண்ணி மட்டும் அழவில்லை. கணக்குத் தீர்த்துக் கொடுத்ததை வைத்து ஸ்கூட்டர் வாங்கினார். ஆப்பில் மளிகை கேட்பவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த அன்று போனில் "வாங்க பார்ட்னர்" என்று எழுத்து வந்தது. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு அவன் வைத்த பெயர் பார்ட்னரம்மா.

ஆரம்பத்தில் அண்ணிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான் பொய் சொல்லக்கூடாது. காற்று படுகிற வேலை. தலைக்கு மேல் யாரும் நிற்பதில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு குடோன். உள்ளே அலமாரி அலமாரியாகச் சாமான். ஷட்டரில் வெட்டிய ஒரு சின்னத் திறப்பு வழியாக நம்பரைக் கூப்பிட்டுப் பையை வெளியே தள்ளுவார்கள். வெளியே வண்டிக்காரர்கள் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருப்பார்கள். சட்டை கம்பெனி சட்டைதான் போட வேண்டும், முதுகுப் பை கம்பெனி பைதான். பையின் பட்டை அண்ணியின் தோளை அறுத்ததால் பழைய போர்வைத் துணியை மடித்து நான்தான் மெத்தையாகத் தைத்துக் கொடுத்தேன். போன் 'இடது பக்கம் திரும்பவும்' என்றால் திரும்ப வேண்டும். குறுக்குச் சந்தில் புகுந்து சீக்கிரமே போனாலும், ஏன் வழி மாறினீர்கள் என்று கேட்கும். சில அடுக்குமாடிகளில் சாமான் கொண்டு வருபவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. அரிசி மூட்டையோடு மாடி ஏறிவிட்டு வந்த நாட்களில் அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பார்ட்னருக்கு மூட்டு வலிக்குது, இன்னொரு பார்ட்னரைக் கூப்பிட்டுக் கேளு" என்பார்.

அண்ணன் பெயின்டர். ஒரு நாள் ஏணி சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு குடோனுக்கு மேலே இருந்த ஆபீசுக்குப் போனார். பிஸ்கட் கம்பெனிப் பழக்கம், லீவு சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அங்கே ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"லீவா? மேடம், நீங்க லீவெல்லாம் கேக்கவே வேணாம். உங்களுக்கு நீங்கதான் முதலாளி. ஆப்பை ஆஃப் பண்ணுங்க, அவ்வளவுதான்."

"யார்கிட்டயும் சொல்ல வேணாமாம்மா?"

"உங்ககிட்டயே சொல்லிக்குங்க மேடம்."

அந்தப் பெண் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். படி இறங்கும்போது என்னிடம், "பாத்தியா, நான் முதலாளியாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். அந்தக் கஷ்டத்திலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் கவனித்தேன்.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் எழுந்து உட்காரும்வரை, இரண்டு மாதத்துக்கு, ஆப் ஆஃபிலேயே இருந்தது. மறுபடி ஆன் செய்தபோது எல்லாம் மாறியிருந்தது. பக்கத்து ஆர்டர்கள் வரவில்லை. ஊர்க்கோடிக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோகும் ஆர்டர்தான் வந்தது. ஆப்பில் காலை நேரத்தைப் பதிவு செய்யலாம் என்று பார்த்தால் அதெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. வேலையைப் பார்த்து ஆப் போடும் ஸ்டார் அவருக்குக் கீழே போயிருந்தது. பெட்டி மேல் காலையில் உட்கார்ந்தவர் வெயில் உச்சிக்கு வந்தும் அதே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

ஆபீசுக்குப் போனோம். இந்தத் தடவை மேனேஜர் இருந்தார். மரியாதையான மனிதர், நாற்காலி போடச் சொன்னார்.

"ரொம்ப நாள் ஆஃப்ல இருந்தீங்க மேடம். சிஸ்டம் தானா கீழ இறக்கிடும். நாங்க எதுவும் பண்றதில்லை."

"நான் முதலாளின்னு சொன்னாங்களே சார்?"

"முதலாளிதான், யார் இல்லேன்னது? கடையை மாசக்கணக்குல சாத்தி வெச்சா வாடிக்கை குறையத்தானே செய்யும்?"

அது நியாயமான பதிலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய அண்ணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடைன்னுதானே சொன்னாரு?" என்றார்.

"ஆமா அண்ணி."

"கடைக்காரங்க ஆள் வெச்சுக்குவாங்கல்ல?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது இன்னொரு காரணம். தெரியாத வீட்டு வாசலில் மணியடிப்பது என்னால் ஆகாது என்றேன்.

"நீ பேச வேணாம். பையை நீட்டு. யாராவது கேட்டா, முதலாளி கீழ இருக்காங்கன்னு சொல்லு. எனக்கு முழங்கால் போச்சு, நீ ஏறு, நான் வண்டியப் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் பிழைப்போம்."

அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினான். "பார்ட்னரம்மா, என் தங்கச்சிக்கு என்ன சம்பளம்?"

"உங்களுக்கு என்ன குடுக்கறேனோ அதான். சோறு."

மறுநாள் நான் பின் சீட்டில் பையோடு உட்கார்ந்தேன். முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் வயசானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோல வேற ஆளா இருக்கே?"

"முதலாளி... கீழ இருக்காங்க" என்றேன்.

அவர் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த முதலாளி தலையை நிமிர்த்திக் கையாட்டினார். அவரும் கையாட்டினார். "சரிம்மா, நல்லா இருங்க" என்று பையை வாங்கிக்கொண்டார்.

ஒருவர் வண்டியில், ஒருவர் படியில் என்று ஆனதும் வேலை மளமளவென்று நடந்தது. வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம், வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டாம். கீழே போயிருந்த ஸ்டார் ஏறத் தொடங்கியது. குடோன் வாசலில் எங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனைக் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். தடித்த கண்ணாடி போட்ட இளவயதுக்காரன், இரண்டு கம்பெனி ஆப்பையும் ஒரே போனில் வைத்து ஓட்டுகிறவன்.

"அக்கா, கம்பெனியே ஆரம்பிச்சுட்டீங்க போல?"

"ஆமாண்டா. வேலை காலி இருக்கு, வர்றியா? இல்ல வேணாம், கண்ணு தெரியாதவனை எடுக்கறதில்லை."

அந்த வாரக் கடைசிக்குள் போன் வந்தது. பாலும் முட்டையும் பையில் இருக்க, சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க ஐடில வேற ஒருத்தர் டெலிவரி பண்றதா புகார் வந்திருக்கு."

"ஆமாங்க, என் ஆளு. என் நாத்தனார்."

"அதுக்கு அனுமதி இல்லை மேடம்."

"முதலாளி ஆள் வெச்சுக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"ரூல் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பச்சை விளக்கு விழுவதற்குள் ஆப் பூட்டிக்கொண்டது. போக வேண்டிய விலாசம்கூடத் திரையிலிருந்து மறைந்துவிட்டது. வாங்குகிற வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார், பால் கெட்டுவிடும் என்று சொல்லி, நினைவில் இருந்த தெருவுக்கு அண்ணி வண்டியை விட்டார். நான் மேலே ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஐடியில் நாங்கள் கொடுத்த கடைசிப் பை அது.

வீட்டில் அண்ணன் கேலியை விட்டுவிட்டான். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி, "போய் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு. இப்போதைக்கு தங்கச்சி தைக்கிறதுல மட்டும் வீடு ஓடுமா?" என்றான்.

"எதுக்கு மன்னிப்பு?"

"ஆள் வெச்சதுக்கு."

"ஆள் வெச்சது தப்புன்னா நான் அவங்களுக்கு வேலைக்காரி. தப்பில்லேன்னா நான் முதலாளி. ரெண்டுல எதுக்கு மன்னிப்புன்னு அவங்க சொல்லட்டும், உடனே கேக்கறேன்."

அவர் கேட்கப் போனது மன்னிப்பு இல்லை. தொழிலாளர் ஆபீசுக்குப் போனார். தான் கம்பெனியில் வேலை செய்கிறவள், விசாரிக்காமல் நிறுத்திவிட்டார்கள், வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மனுக் கொடுத்தார். மனுவை வாங்கிய கிளார்க், "நீங்க தொழிலாளியான்னே முதல்ல முடிவாகலையேம்மா" என்றாராம். "அதைத்தாங்க முடிவு பண்ணச் சொல்றேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வாங்கிக்கொண்டார்கள்.

விசாரணை நாளில் அண்ணன் ஊன்றுகோலோடு வந்தான். கண்ணாடியும் வந்தான். கேட்டதற்கு, "வேடிக்கை பாக்க வந்தேன்க்கா" என்றான். நீளமான அறை, சுவரோரம் கயிறு கட்டிய காகிதக் கட்டுகள். அதிகாரி ஒரு பெண்மணி. அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மேனேஜர் எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"வண்டி அவங்களது மேடம். போன் அவங்களது. எப்ப வரணும், எப்ப போகணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. வேற கம்பெனிக்கும் ஓட்டலாம், நாங்க கேக்க மாட்டோம். எந்தத் தொழிலாளிக்கு இந்தச் சுதந்திரம் இருக்கு? இவங்களைத் தொழிலாளின்னு சொன்னா, நாளைக்கு நாங்க ஷிஃப்ட் போட வேண்டி வரும். பாதிப் பேரை எடுக்கவே முடியாது. இவங்களுக்குத்தான் நஷ்டம்."

அதிகாரி தலையாட்டினார். எனக்கே அது சரி போலத் தோன்றியது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"வண்டி என்னுதுதான் மேடம். பெட்ரோலும் என்னுது. மழையில விழுந்தா காலும் என்னுது. ஆனா ஒரு பையைக் கொண்டுபோய்க் குடுக்க என்ன கூலின்னு ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கேனா? எந்தச் சட்டை போடணும்னு சொல்லியிருக்கேனா? எந்தச் சந்துல திரும்பணும்னாவது என் இஷ்டமா?"

"அதெல்லாம் தரத்துக்காக மேடம்" என்றார் மேனேஜர். "அதே மாதிரி, பதிவு பண்ணாத ஒருத்தர் வீட்டு வாசலுக்குப் போறது பாதுகாப்பு இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் நீங்கதானா?"

எழுந்து நின்றேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இவங்க உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

"இல்லைங்க. சாப்பாடு போட்டாங்க."

அறையே சிரித்தது. அதிகாரிக்குச் சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்தது. அண்ணி மட்டும் சிரிக்காமல், "நான் சாப்பாடாவது போட்டேன்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் மேனேஜர் ஒரு தாளை மேஜை மேல் நகர்த்தினார். கம்பெனிக்கு யார் மேலும் வன்மம் இல்லை என்றார். தான் தனித்தொழில் செய்பவர், கம்பெனியின் தொழிலாளி அல்ல என்று எழுதியிருந்த இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டு மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால், அன்றைக்கே ஐடி திறந்துவிடும். பழைய ஸ்டாரும் திரும்ப வரும். யோசித்துச் சொல்லட்டும் என்று அதிகாரி எங்களை வெளியே அனுப்பினார்.

தாழ்வாரத்தில் பெஞ்சு இல்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். "போட்டுடு. வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா?" என்றான். குரல் கெஞ்சலாக இருந்தது. அவன் அண்ணியிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"போடுங்கக்கா. ரெண்டு வரிதானே" என்றான் கண்ணாடி. "உண்மையச் சொல்லணும்னா எனக்கு மேனேஜர் சொல்றதுதான் பிடிச்சிருக்கு. எனக்கு மேல ஒருத்தன் வேணாம். தொழிலாளின்னு ஆக்கிட்டாங்கன்னா மணியடிப்பாங்க, ஏன் லேட்டுன்னு கேப்பாங்க."

"இப்ப மட்டும் கேக்கலையா?"

"அது போன் கேக்குது. மனுஷன் கேக்கலையே."

"மனுஷனா இருந்தா திருப்பிக் கேக்கலாம்டா. பிஸ்கட் கம்பெனி மேஸ்திரிகிட்ட நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? இந்தப் போன்கிட்ட எப்படிச் சண்டை போடறது, சொல்லு. எனக்கும் அந்த மணி வேணாம். நினைச்சப்ப போய் நினைச்சப்ப வர்றது எனக்கும் பிடிக்கும். அதுக்காகக் காலுடைஞ்ச புருஷனைப் பாத்துக்கிட்டதுக்குத் தண்டனை வாங்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கையெழுத்தும் போடணுமா?"

கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். "என்னங்க, நீங்க இந்த வழக்கு வேணாம்னு அடிச்சுச் சொன்னா நான் போட்டுடறேன். ஆனா அப்புறம் என்னை பார்ட்னரம்மான்னு கூப்பிடக்கூடாது. அதைக் கேட்டாச் சிரிக்க முடியாது எனக்கு."

அண்ணன் ஊன்றுகோலின் ரப்பர் நுனியால் அறைக் கதவைக் காட்டினான். "போ உள்ள" என்றான். "கால் கட்டு பிரிக்கிறவரைக்கும் எப்படியோ தள்ளலாம்."

உள்ளே போனோம். அண்ணி உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடறேன் சார். ஒரு வரி மட்டும் சேத்துக்கணும்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க மேடம்."

"கூலி எவ்வளவுன்னு நான் சொல்லுவேன். ஆள் தேவைப்பட்டா வெச்சுக்குவேன். எத்தனை நாள் ஆஃப் பண்ணி வெச்சாலும் என்னைக் கீழ இறக்கக்கூடாது. முதலாளிங்கற முறையில இதையும் எழுதிக்குங்க. எழுதினா இப்பவே போடறேன்."

மேனேஜர் எழுதவில்லை. "அதெல்லாம் சேர்க்க எனக்கு அதிகாரம் கிடையாது மேடம்."

"அப்ப நான் முதலாளி இல்லை" என்றார் அண்ணி. அதிகாரி பக்கம் திரும்பி, "இதை நீங்க எழுதிக்குங்க மேடம். சமாதானத்துக்கு வந்தாங்க, நான் ஒத்துக்கலை" என்றார்.

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுதினார். எழுதி முடித்தபின் சொன்னதில் ஆறுதல் எதுவும் இல்லை. "சட்டத்துல தொழிலாளின்னு ஒரு கட்டம் இருக்கு, வியாபாரின்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களை எதுல போடறதுன்னு நான் இங்க உக்காந்து முடிவு பண்ண முடியாதும்மா. மேல, தொழிலாளர் கோர்ட்டுக்கு அனுப்பறேன். ரொம்ப காலம் ஆகும். தோத்தும் போகலாம்."

"ஆகட்டும் மேடம்."

"கையில வேலை இல்லாம எவ்வளவு நாள் தாங்குவீங்க?"

"வேலை செய்யத் தெரியும் மேடம். என்ன பேர்ல செய்யறேன்னுதான் கேக்கறேன்."

மேனேஜர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட மனம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று நம்பர் கொடுத்தார். நல்லவிதமாகத்தான் கொடுத்தார். அண்ணி வாங்கி என்னிடம் கொடுத்தார், நான் அதை எங்கே வைத்தேன் என்று இதுவரை கேட்கவில்லை.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் மறுபடி ஏணி ஏறுகிறான், முன்னைப் போல உச்சிவரை ஏறுவதில்லை. அண்ணி காலையில் ஒரு பேக்கரியிலிருந்து ரொட்டியைக் கடைகளுக்கு எடுத்துப் போகிறார். கூலி என்னவென்று அவர் சொன்னார், பேக்கரிக்காரர் பேரம் பேசினார், நடுவில் ஒரு இடத்தில் நின்றது. உடம்பு முடியாத நாளில் நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன், பேக்கரிக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே தான் முதலாளி என்று அண்ணி ஒத்துக்கொள்கிறார். முன்பு வந்தது போல இதில் வருமானம் வரவில்லை என்பதையும் மறைப்பதில்லை.

கண்ணாடி இன்னும் அந்தக் கம்பெனிக்குத்தான் ஓட்டுகிறான், அவன் எண்ணமும் மாறவில்லை. ஆனால் குடோன் வாசலில் உட்காருகிறவர்களில் சிலர் அண்ணியிடம் கேட்டு எழுதிக்கொண்டுபோய் அதே ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருடைய ஐடி பூட்டப்பட்டுவிட்டது.

வழக்கு மேலே கோர்ட்டில் இருக்கிறது. கூப்பிட்ட நாளிலெல்லாம் அண்ணி போகிறார், வேறு தேதி கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் தொழிலாளியா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அவருடைய ஐடி பூட்டியே இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடவில்லை.